பந்தய நாள் குறித்தபின் பயிற்சியில் என்ன மாறுகிறது?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வாரத்தில் ஐந்து நாள் காலையில் 6 கிலோமீட்டர் ஓடுகிறேன். 42 நிமிடம் ஆகிறது. முதல் ஆண்டும் அதே நேரம்தான், இன்றும் அதே நேரம்தான். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். பணம் கட்டி எண் அட்டை வாங்கிவிட்டால் மட்டும் என் ஓட்டம் எப்படி மேம்படும்? ஆர்வம் எனக்கு ஏற்கெனவே இருக்கிறதே?

பதில்:

மூன்று ஆண்டு விடாமல் ஓடியவருக்கு ஆர்வம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தால் உற்சாகம் பிறக்கும், அந்த உற்சாகத்தில் நன்றாக ஓடுவீர்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. பெயர் கொடுத்த உற்சாகம் இரண்டு வாரம் தாங்கும். மூன்றாவது வாரம் நான்கரை மணிக்கு அலாரம் அடிக்கும்போது அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பந்தய நாள் செய்யும் வேலையே வேறு. இன்றைக்கு எதை ஓடுவது, எதை ஓடாமல் விடுவது என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லியாக வேண்டிய நிலைக்கு அது உங்களைக் கொண்டுவருகிறது. இப்போது உங்களிடம் அந்தக் கேள்வியே இல்லை. தினமும் 6 கிலோமீட்டர், தினமும் 42 நிமிடம். முடிவெடுக்க என்ன இருக்கிறது?

முதலில் அந்த 42 நிமிடத்தைப் பார்ப்போம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம். உங்களை 10 கிலோமீட்டர் முழு மூச்சாக ஓடவிட்டால் ஏறக்குறைய 64 நிமிடத்தில் முடிப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட ஒருவர் மூச்சு வாங்காமல், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட வேண்டிய வேகம் கிலோமீட்டருக்கு ஏழரை முதல் எட்டு நிமிடம். கஷ்டப்பட்டு, ஆனால் நிலையாக ஓட வேண்டிய டெம்போ வேகம் சுமார் 6 நிமிடம் 25 வினாடி. நீங்கள் ஓடும் 7 நிமிடம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தசைகளில் நுண்ரத்தக் குழாய்களும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுவதற்குத் தேவையான நீண்ட, நிதானமான ஓட்டமாகவும் அது இல்லை. இதயத்தையும் நுரையீரலையும் அவற்றின் எல்லை வரை தள்ளிப் பார்க்கும் ஓட்டமாகவும் இல்லை. கொஞ்சம் களைப்பு வரும், கொஞ்சம் திருப்தி வரும், முன்னேற்றம் மட்டும் வராது. ஒரே சுமையை மறுபடி மறுபடி கொடுத்தால் உடல் சில மாதங்களில் அதற்குப் பழகிவிடும். பழகிய பிறகு மாறுவதற்கு அதற்குக் காரணம் இல்லை.

உலகத் தரத்தில் ஓடுபவர்கள், படகு வலிப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் ஆகியோரின் பயிற்சிக் குறிப்பேடுகளை ஆராய்ந்த உடற்பயிற்சி விஞ்ஞானி ஸ்டீபன் சைலர் கண்டது இதுதான்: அவர்களுடைய பயிற்சிகளில் பத்தில் எட்டு பங்கு மிக எளிதானவை, இரண்டு பங்கு மிகக் கடினமானவை. நடுவில் நிற்பது குறைவு. நம் ஊர்ச் சாலைகளில் தனியாக ஓடுபவர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கைப்பேசியில் இரண்டு நிமிடம் தேடினால் கிடைக்கும் செய்திதான். ஆனால் தேதி இல்லாதபோது, இன்று மெதுவாக ஓட வேண்டும் என்பதற்கோ நாளை மறுநாள் நாக்குத் தள்ள ஓட வேண்டும் என்பதற்கோ எந்த அவசியமும் இல்லை. அதனால் கால் தானாகவே நடுவேகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

தேதி வந்ததும் இது எப்படி மாறுகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ரோஜர் பேனிஸ்டர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் பதக்கம் வாங்குவார் என்று பிரிட்டன் எதிர்பார்த்தது, நான்காவதாக வந்தார். ஓட்டத்தை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தவர், ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடுவது என்ற புதிய இலக்கை எடுத்துக்கொண்டார். அப்போது அவர் லண்டனில் மருத்துவ மாணவர். பயிற்சிக்குக் கிடைத்தது மதிய உணவு இடைவேளை மட்டுமே. அமெரிக்காவில் வெஸ் சான்டியும் ஆஸ்திரேலியாவில் ஜான் லேண்டியும் அதே இலக்கை நெருங்கிக்கொண்டிருந்ததால், 1954 பருவத்தின் முதல் நல்ல வாய்ப்பிலேயே முயன்றாக வேண்டும். அந்த வாய்ப்பு மே 6, ஆக்ஸ்போர்டின் இஃப்லி ரோடு மைதானம்.

இலக்கும் தேதியும் கிடைத்ததும் பயிற்சி தானாகவே உருவம் பெற்றுவிட்டது. மைலுக்கு நான்கு நிமிடம் என்றால் கால் மைலுக்கு 60 வினாடி. ஆகவே கால் மைலைப் பத்து முறை ஓட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. குளிர்காலத்தில் 66 வினாடியில் தொடங்கி, வாரா வாரம் குறைத்துக்கொண்டே வந்து 60க்குக் கீழே போக வேண்டும். வசந்த காலத்தில் அவரும் உடன் ஓடியவர்களும் 61 வரை வந்து அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். எத்தனை முயன்றும் அந்த வினாடி அசையவில்லை. அப்போது பேனிஸ்டர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, உடன் பயிற்சி செய்த கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாள் மலையேறினார். திரும்பி வந்து ஓடியபோது 59. பந்தயத்துக்கு முந்தைய ஐந்து நாள் ஓடவே இல்லை. மே 6 அன்று 3 நிமிடம் 59.4 வினாடி.

இந்தக் கதையில் எல்லோரும் அந்த 59.4ஐத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அந்த 61. எண் ஒன்று கண்ணெதிரே இருந்ததால்தான் தாங்கள் தேங்கி நிற்பது அவர்களுக்குத் தெரிந்தது. நாள் நெருங்கியதால்தான் இன்னும் கடினமாக உழைப்பதா, ஓய்வெடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. உங்கள் 42 நிமிடமும் ஒரு 61தான். ஆனால் அதைத் தேக்கம் என்று காட்ட உங்களிடம் அளவுகோல் இல்லாததால் மூன்று ஆண்டு ஓடிவிட்டது.

தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதை ஒரு முறையாகவே ஆக்கியவர் நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். முதலில் பல வாரம் நீண்ட, நிதானமான ஓட்டங்களால் அடித்தளம். பிறகு மேட்டு ஓட்டங்கள். பிறகு வேகப் பயிற்சி. கடைசியில் பந்தயத்துக்காகக் கூர்தீட்டல். ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை வாரம் என்று பந்தய நாளிலிருந்து கழித்துக்கொண்டே வந்து தொடக்க நாளைக் கண்டுபிடிப்பார். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையும் ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள மலைச்சாலையில் 22 மைல் ஓடவைத்தார். 800 மீட்டர்க்காரனுக்கு எதற்கு 22 மைல் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாள் பிற்பகலில், ஒரு மணி நேரத்துக்குள், ஸ்னெல் 800 மீட்டரிலும் அவருடைய பயிற்சித் தோழர் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். இருவரும் உச்சத்தைத் தொட்டது வேண்டிய வாரத்தில். உச்ச நிலை சில வாரமே நிற்கும் என்பதால், எந்த வாரத்தில் அது வேண்டும் என்று தெரியாமல் அதற்காகப் பயிற்சி செய்ய வழியே இல்லை.

முகூர்த்தம் குறித்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து ஆண்டாகத் தள்ளிப்போன வெள்ளையடிப்பு அந்த இரண்டு மாதத்தில் நடந்துவிடும். அதைவிட முக்கியம், தேவையில்லாத பத்து வேலை தானாகவே கழன்றுவிடும். பயிற்சியிலும் நடப்பது அதுதான்.

இனி உங்கள் விஷயம். சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். ஏற்கெனவே 6 கிலோமீட்டர் ஓடும் ஒருவருக்கு அரை மாரத்தானின் 21.1 கிலோமீட்டருக்குத் தயாராக 16 வாரம் தாராளம். ஜனவரியிலிருந்து 16 வாரம் பின்னால் போனால் செப்டம்பர் நடுப்பகுதி. நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு அந்த 16 வாரத்தையும் பாருங்கள். இதைச் செய்யும்போதுதான் தேதியின் மதிப்பு புரியும், ஏனென்றால் அந்த நான்கு மாதமும் சென்னையில் நான்கு வேறு ஊர்கள்.

செப்டம்பரில் விடியற்காலையிலும் வெப்பம் 25, 26 டிகிரியில் நிற்கும். புழுக்கம் அதைவிட மோசம். வியர்வை ஆவியாகாமல் சட்டையிலேயே ஊறிக்கொண்டிருக்கும். இதயத்துடிப்பு காரணமில்லாமல் ஏறும். இந்தக் கட்டத்தில் வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தூரத்தை மட்டும் மெல்லக் கூட்டுங்கள். வாரத்துக்கு 30 கிலோமீட்டரில் தொடங்கி 35, 38 என்று. மெதுவாக ஓடினாலும் புழுக்கத்துக்கு ஒரு பலன் உண்டு. வெப்பத்தில் பத்து, பதினான்கு நாள் தொடர்ந்து பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதில் போகும் உப்பு குறைகிறது. ஜனவரியில் குளிர்ந்த காலையில் ஓடும்போது செப்டம்பர் கொடுத்த அந்தப் பிளாஸ்மா அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெப்பப் பழக்கம் சில வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் அந்தக் காலத்தில் கட்டிய அடித்தளம் கரையாது.

அக்டோபரில் மேட்டு ஓட்டம் சேர்க்க வேண்டும். சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது? மேம்பாலம்தான். வாகனங்கள் வருவதற்கு முன், நடைபாதையோ ஒதுங்க இடமோ உள்ள பாலமாகப் பார்த்து, ஏறும்போது கடினமாகவும் இறங்கும்போது நடந்தும் ஆறு முதல் எட்டு முறை. தொடையும் பின்னங்காலும் வலுப்பெற இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. மாதத்தின் இரண்டாம் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். தீபாவளியும் அதையொட்டி வரும். அந்த வாரம் பயிற்சி உருப்படாது. உருப்படாது என்று செப்டம்பரிலேயே தெரிந்துவிட்டால் வருத்தம் எதற்கு? அதை ஓய்வு வாரமாகவே எழுதிவிடுங்கள்.

நவம்பர்தான் சிக்கல். மழை மிகுதியாகப் பெய்யும் மாதமும் அதுதான், பயிற்சியின் கனமான வேலை விழும் மாதமும் அதுதான். புதன்கிழமை டெம்போ ஓட்டம், வெள்ளிக்கிழமை நடுநடுவே ஓய்வு விட்டு வேகமாக ஓடும் 800 மீட்டர் இன்டர்வல்கள், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்று எழுதி வைத்திருப்பீர்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத தண்ணீரில் கால் வைத்து ஓடக் கூடாது. திறந்து கிடக்கும் சாக்கடை மூடி ஒன்று போதும். அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்தும் தளத்தில் சுற்றிச் சுற்றி ஓடி இந்த மாதத்தைக் கடந்தவர்களை எனக்குத் தெரியும். உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில் இன்னும் வசதி. எப்படியானாலும் 16 வார அவகாசத்தில் 14 வார வேலைக்குத்தான் திட்டம் போட வேண்டும். மீதி இரண்டு வாரம் மழைக்கும் புயலுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. பதினாறு வாரமும் தடையில்லாமல் கிடைக்கும் என்று எழுதப்பட்ட திட்டம் வெளிநாட்டுப் பயிற்சி அட்டவணையை அப்படியே நகலெடுத்ததாகத்தான் இருக்கும்.

பிறகு மார்கழி. 22 டிகிரி, லேசான காற்று, கோயில் ஒலிபெருக்கி, கோலத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓட வேண்டிய தெருக்கள். இதுவரை அழுத்தி வைத்த வேகம் தானாக வெளிவரும் பருவம். இதில்தான் பந்தய வேக ஓட்டங்களை வைக்க வேண்டும், 18 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தை முடிக்க வேண்டும், கிறிஸ்துமஸை ஒட்டிக் குறைக்கத் தொடங்கவும் வேண்டும். மார்கழிக் காலை தரும் சுகத்தில் கடைசி வாரம் வரை வேகமாக ஓடித் தீர்த்துவிட்டு, பந்தயத்தன்று காலில் வலு இல்லாமல் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

இப்போது சொல்லுங்கள், தேதி இல்லாமல் இதில் எதை எழுத முடியும்?

அடுத்தது எண். அரை மாரத்தானை முடித்தால் போதும் என்பது இலக்கு ஆகாது. எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டு ஆராய்ந்து சொன்னது, 'உன்னால் முடிந்ததைச் செய்' என்று சொல்லப்பட்டவர்களைவிட, துல்லியமான, சற்றே கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பது. ஒரு நிபந்தனை உண்டு: அந்த இலக்கை அவர்கள் தங்களுடையதாக ஏற்றிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். 3 மணி, 3 மணி 30 நிமிடம், 4 மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் முடித்தவர்களின் கூட்டம் குவிந்து நிற்கிறது. சற்றுப் பின்னால் திடீரென்று குறைகிறது. 4 மணி 1 நிமிடத்துக்கும் 3 மணி 59 நிமிடத்துக்கும் உடல் அளவில் என்ன பெரிய வேறுபாடு? மனத்தில் இருந்த எண்தான் கடைசி இரண்டு கிலோமீட்டரில் அவர்களை இழுத்து வந்திருக்கிறது.

உங்கள் எண்ணை ஆசையிலிருந்து எடுக்காதீர்கள், கணக்கிலிருந்து எடுங்கள். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970களில் வெளியிட்ட எளிய சூத்திரம் ஒன்றை ஓட்டக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கைவிடச் சற்றுக் கூடும், ஏறக்குறைய 2.085 மடங்கு. அதன்படி 10 கிலோமீட்டரை 64 நிமிடத்தில் ஓடுபவர் அரை மாரத்தானை 2 மணி 21 நிமிடத்தில் ஓடலாம். நான்கு மாதப் பயிற்சியைச் சேர்த்து 2 மணி 20 நிமிடத்துக்குள் என்று வையுங்கள். பெரிய எண் இல்லை என்று தோன்றும். ஆனால் இன்று நீங்கள் 6 கிலோமீட்டர் ஓடும் வேகத்தைவிட விரைவாக, கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 38 வினாடி என்று, மூன்றரை மடங்கு தூரம் ஓட வேண்டியிருக்கும். நவம்பரில் ஒரு 10 கிலோமீட்டர் பந்தயத்தைச் சோதனைக்காக ஓடி, 64 வரவில்லை 67தான் என்றால், அன்றே இலக்கை மாற்றிவிட வேண்டும். இதே சூத்திரம் முழு மாரத்தானுக்கு 4 மணி 54 நிமிடம் சொல்லும். அதை நம்ப வேண்டாம். வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் தசையில் எரிபொருளாகச் சேர்த்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் தீர்ந்துபோவதைச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை.

எண் கிடைத்ததும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் வந்துவிடுகிறது. செவ்வாயும் வியாழனும் ஏழரை நிமிட வேகத்தில் எளிய ஓட்டம். அதில் 7 நிமிடத்துக்குப் போவது தவறு, திறமை இல்லை. புதன்கிழமை, 2 கிலோமீட்டர் மெல்ல ஓடி உடலைச் சூடாக்கிய பிறகு, 6:25 வேகத்தில் 20 நிமிடம். வெள்ளிக்கிழமை 800 மீட்டரைச் சுமார் 4 நிமிடம் 55 வினாடியில் ஐந்து முறை. திங்களும் சனியும் ஓய்வு. ஞாயிறு நீண்ட ஓட்டம். இதை எழுதிவிட்டால் உங்கள் பழைய 42 நிமிட ஓட்டத்துக்கு இந்த வாரத்தில் இடமே இல்லை என்பது தெரியும்.

நீண்ட ஓட்டத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பந்தயம் இல்லாதவருக்கு அது வெறும் தூரம். பந்தயம் உள்ளவருக்கு ஒத்திகை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. பந்தயத்துக்கு முதல் நாள் எதைச் சாப்பிடுவீர்களோ அதே. காலையில் மூன்றே முக்காலுக்கு எழுந்து இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, அரை டம்ளர் காப்பி. கழிவறை. இதைக் கூச்சத்தில் யாரும் எழுதுவதில்லை. பந்தயத்தன்று ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும் தற்காலிகக் கழிவறையைப் பார்க்கும்போது இந்த ஒத்திகையின் அருமை தெரியும். பந்தயத்தில் போடப் போகும் அதே காலணி, அதே காலுறை, தொடை உராயும் இடத்தில் வாசலின். வீட்டை விட்டுக் கிளம்புமுன் எடை பாருங்கள். 68 கிலோ என்று வையுங்கள். இரண்டு மணி நேரம் ஓடி, வழியில் அரை லிட்டர் குடித்து, திரும்பி வந்து ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 66.4. போனது 1.6, குடித்தது 0.5, மொத்தம் 2.1 லிட்டர் வியர்வை, மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். இது உங்கள் எண். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறாக இருக்கும்.

இதை ஏன் அளக்கச் சொல்கிறேன் என்றால், குறைவாகக் குடிப்பதைப் போலவே அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. வழியில் அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களும், நெடுநேரம் ஓடியவர்களும்தான் அதில் அதிகம். இழந்தது முழுவதையும் வழியிலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட நீர்மோர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழமா, ஜெல்லா, கடலை மிட்டாயா, எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை நவம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டுபிடியுங்கள். பந்தய வழியில் யாரோ நீட்டினார்கள் என்று புதிதாக எதையும் வாயில் போடாதீர்கள்.

தேதி தரும் இன்னொரு நன்மையை யாரும் எதிர்பார்ப்பதில்லை: ஓய்வுக்கு அது மரியாதை தருகிறது. எங்கள் குழுவில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார். செவ்வாய் ஓட்டம் தவறினால் புதன்கிழமை இரட்டிப்பாக ஓடிப் பழி தீர்த்துக்கொள்வார்; ஓடாத நாளில் முகமே சரியிருக்காது. பந்தயத் திட்டத்தில் சனிக்கிழமைக்கு நேராக 'ஓய்வு' என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு, அதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தார். கடைசி இரண்டு வாரமும் அப்படித்தான். டேப்பர் என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் இந்தக் குறைப்பைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஓட்டத் தூரத்தை 40 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தையும் ஓடும் நாட்களின் எண்ணிக்கையையும் குறைக்காமல் இரண்டு வாரம் போனால் பலன் மிகுதி என்கிறார்கள். கிடைப்பது இரண்டு, மூன்று சதவீத முன்னேற்றம். 2 மணி 20 நிமிடத்தில் இரண்டு சதவீதம் என்றால் ஏறக்குறைய மூன்று நிமிடம், அதுவும் குறைவாக ஓடி.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பந்தயம் நல்லது என்று மாதம் ஒன்றுக்குப் பெயர் கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். வீட்டுச் சுவரில் பதக்கம் தொங்கும், நேரம் மட்டும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு வாரம் குறைத்து, ஒரு வாரம் தேறி, நடுவில் இரண்டு வாரம் மட்டும் பயிற்சி செய்தால் அடித்தளம் எப்போது போடுவது? முன்னணி மாரத்தான் வீரர்கள் ஆண்டுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

ஜப்பானின் யூக்கி கவாவுச்சியைச் சொல்லி என்னை மடக்குவார்கள். சைதாமாவில் அரசு வேலை பார்த்துக்கொண்டே ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மாரத்தான் ஓடியவர். 2018 ஏப்ரலில், கொட்டும் குளிர்மழையில், பாஸ்டன் மாரத்தானையே வென்றார். உண்மைதான். ஆனால் வேலை நேரம் போகப் பயிற்சித் தோழர்கள் இல்லாத அவருக்குப் பந்தயங்களே நீண்ட பயிற்சி ஓட்டங்களாக இருந்தன. அதைத் திட்டமிட்டே செய்தார். அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி அதே மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போய், மைனஸ் 17 டிகிரி குளிரில் ஒரு சிறிய மாரத்தானை 2 மணி 18 நிமிடம் 59 வினாடியில் ஓடிவிட்டு வந்தவர் அவர். பத்துப் பந்தயத்தில் எது இலக்கு, எது பயிற்சி என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். உங்களுக்கும் ஜனவரி இலக்கு, நவம்பர் சோதனை என்று இரண்டு போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கட்டிய பணத்துக்காக ஓடுவது. எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓரிடத்தில், நடக்கும்போதும் வலி இருந்தால் அது தசை வலி இல்லை. எலும்பில் நுண்முறிவாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கும் வரை ஓட்டம் கிடையாது. மழைக்காலத்தில் டெங்கு உட்பட எல்லாக் காய்ச்சலும் சுற்றும். காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசையில் அழற்சி வரும் அபாயம் உண்டு. காய்ச்சல் விட்ட பிறகும் உடனே வேகப் பயிற்சிக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் போய்விட்டால் அந்த வாரத்தைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டு மேலே போங்கள், ஈடுகட்ட முயலாதீர்கள். மூன்று வாரம் போய்விட்டால் 2 மணி 20 நிமிடம் என்ற எண்ணை விட்டுவிட்டு நடந்தும் ஓடியும் முடிக்கலாம், அல்லது வீட்டிலேயே இருக்கலாம். பதிவுக் கட்டணம் போனால் போகட்டும்.

பந்தயம் முடிந்ததும் இரண்டு வாரம் கடினமான ஓட்டம் எதுவும் வேண்டாம். ஜனவரித் தொடக்கத்தில் ஓடுபவர்களுக்கு இதில் ஒரு வசதி, பொங்கல் சரியான நேரத்தில் வந்துவிடுகிறது. ஊருக்குப் போய்க் கரும்பு கடித்துக்கொண்டு ஓய்வெடுத்தால் ஏனென்று கேட்பாரில்லை. ஆனால் புறப்படும் முன் அடுத்த தேதி என்ன என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பந்தயம் முடிந்த மாதம் பலருக்கு ஒருவித வெறுமை வரும். பெரும்பாலும் பழைய 6 கிலோமீட்டருக்குத் திரும்பிப் போவது அந்த மாதத்தில்தான். அடுத்தது நீண்ட தூரமாக இருக்க வேண்டியதில்லை. கோடையில் 5 கிலோமீட்டர் வேகத்தை முன்னேற்றுவது சென்னை வெயிலுக்கு ஏற்ற இலக்கு.

கடைசியாக, கூட்டமும் ஒலிபெருக்கியும் பிடிக்காதவர் நீங்கள் என்றால் பதிவே செய்யாமல் இதையெல்லாம் செய்ய முடியுமா? முடியும். 400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானத்தில், மூன்று மாதத்துக்குப் பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதி வைத்து, அன்று 25 சுற்று, 10 கிலோமீட்டர், கடிகாரத்தோடு ஒருவர் நிற்க ஓடுங்கள். நேரம் பார்க்க ஆள் வைப்பது முக்கியம். தனக்குத்தானே குறித்த தேதியைப் போல் எளிதாகத் தள்ளிப்போவது வேறொன்றும் இல்லை. உடல்நலத்துக்காக மட்டும் ஓடுகிறேன், 42 நிமிடம் 42ஆகவே இருந்தால் என்ன என்று நினைத்தால், அதுவும் சரிதான். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. நீங்கள் 210 நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.